கிராம சபையில் முதல் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊர்க் கிராம சபையில் நான் முதன்முதலாக எழுந்து கேட்ட கேள்வி, "மேலத் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை?" என்பதுதான். தலைவர் முகம் மாறாமல், "பைப் லைன் வேலை நடக்குதுப்பா, சீக்கிரம் சரியாயிடும்" என்றார். நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்தும் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அடுத்த முறை தாளில் எழுதிக்கொண்டு போய், "மேலத் தெரு மினி டேங்க் மோட்டார் கடந்த ஓராண்டில் எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு செலவானது, அந்தப் பில்களைச் சபையில் படித்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். செயலர் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டி நான்கு தேதிகளைப் படித்தார். கூட்டத்தின் ஓரத்தில் தோளில் துண்டோடு நின்றிருந்த டேங்க் ஆபரேட்டர், "ரெண்டு தடவதாங்க மோட்டார மேல தூக்கினோம்" என்று மெதுவாகச் சொன்னார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

முதல் கேள்விக்கு ஒரு வாக்குறுதி போதுமானதாக இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது. பொறுப்பில் இருப்பவரைக் கேள்வி கேட்பது என்றால் அவரைப் புத்தகத்தைத் திறக்க வைப்பது என்றுதான் அன்று முதல் நான் புரிந்து வைத்திருக்கிறேன். குரலை உயர்த்தத் தெரியாதவர்களும், மேடை ஏறிப் பழகாதவர்களும், அதிகம் படிக்காதவர்களும்கூட இதைச் செய்யலாம். எப்படிச் செய்வது என்பதைப் புதிதாகக் கூட்டத்துக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் பார்வையாளர் இல்லை, உறுப்பினர்

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்தது. இதன் 3ஆவது பிரிவின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, முந்தைய ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்து ஏற்பது, திட்டப் பணிகளின் முன்னேற்றத்தை ஆய்வது ஆகியவை சட்டம் அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கும் வேலைகள். ஆகவே கணக்குக் கேட்கிறவர் அதிகப்பிரசங்கித்தனம் செய்யவில்லை. சபை எதற்காகக் கூட்டப்பட்டதோ அந்த வேலையைத்தான் செய்கிறார்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் நடந்துவந்த கூட்டம், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு என்று ஆக்கப்பட்டது. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை மறக்காதீர்கள், பின்னால் பயன்படும்.

பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலை முறைக்காகச் சொல்வார்கள். வாரியம் என்ற ஊர்க் குழுவில் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது என்று அதே கல்வெட்டு விதிப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணக்குக் கேட்கும் வழக்கம் நம் ஊர்களுக்கு வெளியிலிருந்து வந்ததன்று.

ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஊரின் எல்லாக் குறைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று ஐந்தைச் சேர்த்துக் கேட்டால், பதில் சொல்கிறவர் அவற்றில் எளிதானதை எடுத்துப் பேசிவிட்டு மற்ற நான்கையும் காற்றில் விட்டுவிடுவார். ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கண்ணால் பார்க்க முடிந்ததாகவும், கையால் அளக்க முடிந்ததாகவும் இருந்தால் மிகவும் நல்லது.

புதிதாகப் போட்ட சிமெண்டுச் சாலையை எடுத்துக்கொள்வோம். வேலை நடந்த இடத்தில் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு ஆகியவற்றைக் காட்டும் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவே முதல் கேள்வி. பிறகு ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இன்னொருவரோடு போய் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். நாங்கள் அளந்த அன்று நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவர், அந்தச் சாலையோரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பாட்டி. "எதுக்குடா இது?" என்றுகூடக் கேட்காமல், கட்டைவிரலால் நாடாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். சாலையின் ஓரம் வெளியே தெரியும் மூன்று நான்கு இடங்களில் கான்கிரீட்டின் கனத்தையும் அளவுகோலால் அளந்தோம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. மதிப்பீட்டில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருந்தால், மொத்தக் கான்கிரீட் 45 கன மீட்டர். உண்மையில் கனம் 12 சென்டிமீட்டர்தான் என்றால் அது 36 கன மீட்டர். மூன்று சென்டிமீட்டர் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும்; ஆனால் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. அதேசமயம், ஓரத்தில் கனம் குறைந்து நடுவில் சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அளந்த நீங்கள் பொறியாளரும் இல்லை. எனவே கூட்டத்தில் "திருடிவிட்டீர்கள்" என்று சொல்வது நியாயமும் ஆகாது, உங்களுக்குப் பாதுகாப்பும் ஆகாது. "நாங்கள் ஓரத்தில் நான்கு இடங்களில் அளந்தபோது இன்ன அளவு வந்தது, அளவுப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சியரும் எழுதும் 'எம் புக்' என்பது அந்த அளவுப் புத்தகம்தான். அதில் உள்ள அளவை வைத்தே பில் போடப்படுகிறது. அந்தப் புத்தகத்தின் பெயரை நீங்கள் சொன்ன மாத்திரத்தில் பேச்சின் தன்மையே மாறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செலவு தொடர்பான கேள்வி என்றால், தமிழக ஊராட்சிகள் வைத்திருக்கும் மூன்று வங்கிக் கணக்குகளைத் தெரிந்துகொள்வது உதவும். முதலாவது பொது நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவை அதில் சேரும். இரண்டாவது, மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய கட்டணங்களுக்காக ஒதுக்கப்பட்டது. மூன்றாவது திட்டப் பணிகளுக்கானது. "பணம் இல்லை" என்ற பதில் வரும்போது, "எந்தக் கணக்கில் இல்லை?" என்று கேட்க இது போதும். வரவு செலவைச் சபையின் முன் வைக்க 'படிவம் 30' என்று ஒரு படிவமும் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மத்திய நிதிக் குழு மானியத்தில் நடக்கும் பணிகளை 'இ-கிராம் சுவராஜ்' இணையதளத்தில் ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும்.

யாரிடம் கேட்பது

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்ல கேள்விகள்கூடத் தவறான ஆளிடம் போய் வீணாவதும், சில வேளைகளில் அநியாயமாகவே முடிவதும் இங்கேதான்.

பதவியில் இருப்பவரும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரும் எல்லா ஊரிலும் ஒருவரே என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பெண் தலைவர் இருக்கும் பல ஊர்களில் நாற்காலியில் அமர்ந்து பதில் சொல்பவர் அவருடைய கணவராகவோ மைத்துனராகவோ இருக்கிறார். அப்படிப்பட்ட சபையில் கேள்வியைத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமே கேளுங்கள். "தலைவர் அம்மா அவர்களே, இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்று மரியாதையோடு சொன்னால் போதும். முதல் கூட்டத்தில் அவர் தயங்கலாம். மூன்றாவது கூட்டத்தில் தயங்காமல் பேசிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குக் கணக்கு தெரியாமல் இருந்ததில்லை, அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இதைவிடக் கசப்பான நிலையும் உண்டு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்தி 2020இல் வெளியாகி நாடு முழுவதும் பேசப்பட்டது. பட்டியலினத் தலைவர் உள்ள ஊரில், அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள் திடீரென்று திரண்டு வந்து கணக்குக் கேட்பார்கள். அதற்கு முன் இருபது ஆண்டுகள் வேறொருவர் தலைவராக இருந்தபோது ஒரு வார்த்தையும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்கும் கேள்வி அந்தக் கூட்டத்தின் கையில் கருவியாகிவிடக் கூடாது. முந்தைய தலைவரிடமும் இதே கேள்வியைக் கேட்டிருப்பேனா, அடுத்து வருபவரிடமும் கேட்பேனா என்று உங்கள் மனத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் எழுந்து நில்லுங்கள். அந்தத் தலைவர் கையெழுத்துப் போடாமல் தடுக்கப்படுகிறார், பீரோச் சாவி இன்னொருவரிடம் இருக்கிறது என்று தெரிந்தால், நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி, "சாவி யாரிடம் இருக்கிறது?" என்பதுதான்.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த 28 மாவட்ட ஊராட்சிகளைப்போல, தேர்தல் தள்ளிப்போகும் காலங்களில் தலைவர் என்று யாரும் இல்லாமல் அதிகாரிகளே தனி அலுவலர்களாக நிர்வகிப்பார்கள். கேட்க ஆளில்லை என்று அப்போது கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தேர்தலில் வாக்குக் கேட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது கேள்வியின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

கூட்டத்தன்று

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேராவது சேர்ந்து போங்கள். வெவ்வேறு தெருவைச் சேர்ந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் குடம் எடுத்துக்கொண்டு குழாயடியில் காத்திருந்தவருக்குத்தான் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது துல்லியமாகத் தெரியும். கேள்வியை ஒரு தாளில் இரண்டு படி எழுதி, கீழே பெயர், முகவரி, தேதியுடன் கையெழுத்திட்டு, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒன்றைச் செயலரிடம் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிவிடுங்கள். ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்று ஓர் அலுவலர் வந்திருப்பார். அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வணக்கம் சொல்லி, உங்கள் கேள்வியைப் பற்றி அவருக்கும் ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள்.

ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவு. தலைவர் உங்களுக்குப் பெரியப்பா முறையாக இருக்கலாம். "ஏம்ப்பா, உங்கப்பன் காலத்துல இருந்து நான் பாத்துக்கிட்டிருக்கேன், நீ வந்து எங்கிட்ட கணக்கு கேக்குறியா?" என்று அவர் கேட்டால் வாயடைத்துப் போவது இயல்பே. அதற்கு நான் கண்ட வழி, உறவை மறுக்காமல் கேள்வியைப் பிடித்துக்கொள்வது: "பெரியப்பா, உங்கள நான் சந்தேகப்படல. புத்தகத்துல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா உங்களுக்கும் நல்லதுதான்." இதை நடிப்பாகச் சொல்லக் கூடாது, மனத்தார நினைத்துச் சொல்ல வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால், அதை ஊர் முன்னால் படித்துக்காட்டுவதைவிட அவருக்குப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை. செலவைச் சரியாகச் செய்தும் வீண் பழி சுமந்த தலைவர்களும் இருக்கிறார்கள்.

பேசும்போது தாளைப் பார்த்தே படியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் வேறெங்கோ போனால், "ஐயா, நான் கேட்டது மோட்டார் பழுதுச் செலவு மட்டும்" என்று ஒருமுறை நினைவூட்டுங்கள். "பார்த்துச் சொல்கிறோம்" என்றால், "எந்தத் தேதிக்குள்?" என்று கேளுங்கள். யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்த வேண்டாம். கூட்டம் சண்டையில் கலைந்தால் அன்று யாருக்கு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் ஏறாத கேள்வி கேட்கப்படாத கேள்விதான்

வாயால் கேட்டது வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். "மேலத் தெரு மினி டேங்க் மோட்டார் பழுதுச் செலவு குறித்து உறுப்பினர் கேட்ட விவரங்கள் இன்ன தேதிக்குள் ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டப்படும்" என்பதுபோல ஒரு வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போய், அதைத் தீர்மானமாகப் பதியும்படி கேளுங்கள். பதிந்த பிறகு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பல ஊர்களில் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் நுழைந்தவுடன் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வேலைத் தளத்துக்கும் வீடுகளுக்கும் நோட்டு போய்க் கையெழுத்தோடு திரும்புவதும் உண்டு. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலும், பக்கம் வெறுமையாக இருக்கும்போதும் கையெழுத்திடாதீர்கள். வருகைக்கான கையெழுத்து என்றால் பக்கத்தின் தலைப்பில் அப்படி எழுதியிருக்க வேண்டும். நான் முன்னால் சொன்ன குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை இங்கேதான் பயன்படுகிறது: மரத்தடியில் நாற்பது பேர் இருக்க, நோட்டில் இருநூறு கையெழுத்து இருந்தால், தலைகளை எண்ணி அதைப் பற்றாளரிடம் எழுத்தில் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூட்டத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

ஆவணத்தை மக்கள் நடுவில் வாய்விட்டுப் படிப்பதில் எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை இந்தியாவுக்குக் காட்டியவர்கள் ராஜஸ்தானின் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அவர்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று தொடங்கிய 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்', 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்களையும் கூலிப் பட்டியல்களையும் ஊரார் முன்னிலையில் படித்தார்கள். வேலையே செய்யாதவர்களின் பெயர்களும் முடிக்கப்படாத கட்டடங்களுக்கான செலவும் அவற்றில் இருந்தது எல்லோருக்கும் தெரியவந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அவர்களுடைய முழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு முன்பே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியிருந்தது. ஆனால் விதிவிலக்குகள் மிகுந்த அந்தச் சட்டம் சாதாரண மக்களின் கைக்கு வந்து சேரவில்லை.

சபையில் பதில் கிடைக்காவிட்டால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதுதான் அடுத்த படி. வெள்ளைத் தாளில், உங்கள் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஐந்து நாள்களுக்குள் அங்கே அனுப்பிவைக்க வேண்டியது அவருடைய கடமை. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் தேவையில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. யாராவது தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டால், அந்தப் பிரிவின் எண்ணைப் பணிவாகச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் "ஏன்", "எதனால்" என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். கைவசம் உள்ள பதிவுகளைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை; விளக்கமோ கருத்தோ புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. ஆகவே இப்படி எழுதுங்கள்:

"எங்கள் ஊராட்சியில் 1.4.2024 முதல் 31.3.2025 வரை மேலத் தெரு மினி டேங்க் மோட்டார் பழுதுக்காகச் செலவிடப்பட்ட தொகைக்கான பில்கள், வவுச்சர்கள், ரொக்கப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேற்படி ஆவணங்களை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டுகிறேன்."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நேரில் பார்வையிடுவதற்கு முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பைக் கையில் வாங்கிப் புரட்டும்போது, நகலில் தெரியாத பலவும் கண்ணில் படும்: ஒரே கையெழுத்தில் எழுதப்பட்ட வெவ்வேறு கடைகளின் பில்கள், அடித்துத் திருத்தப்பட்ட தேதிகள், ஒரே நாளில் வரிசை எண் மாறாமல் போடப்பட்ட நான்கு ரசீதுகள். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் அரைகுறையாக இருந்தாலோ, அடுத்த முப்பது நாள்களுக்குள் அதே துறையில் உள்ள மேல்நிலை அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் 90 நாள்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வர நாளாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளானாலும் தேதி தவறாமல் மேல்முறையீடு செய்துவிடுங்கள். மாநிலத் தகவல் ஆணையத்தை எட்டாமலேயே, முதல் மேல்முறையீட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்தவுடன் தகவல் கிடைத்துவிடுவதும் உண்டு.

இதற்கு இணையாக, மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு சட்டப்படி அவருடையது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு தீர்மான நகலையும் இணைத்துக் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

அச்சத்தைப் பற்றி

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் வாழ வேண்டும். பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டும். வீட்டுக்குக் குழாய் இணைப்பு வேண்டும். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்காக 2014இல் நிறைவேற்றப்பட்ட சட்டம், பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. ஆகவே துணிச்சலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மனுக்களில் பலர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். எல்லா நகல்களிலும் ஒரு படியை வெளியூரில் உள்ள நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மணல், கல்குவாரி போன்று பெரும்பணம் புரளும் விஷயங்களை முதல் கேள்வியாக எடுக்க வேண்டாம்; அவற்றுக்கு வழக்கறிஞரின் துணையும் அமைப்புகளின் துணையும் வேண்டும். மிரட்டல் வந்தால் வாய்மொழியாகப் புலம்பிவிட்டு இருந்துவிடாமல், தேதி, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, மனு ஏற்புச் சான்றை வாங்கி வையுங்கள்.

ஒருவரைத் தனியாகக் கேள்வி கேட்க விட்டுவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதுதான் உண்மையான ஆபத்து. பேச முடியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே அது பெரிய உதவி.

அடுத்த கூட்டம்

அடுத்த சபைக்குப் போகும்போது உங்கள் முதல் வாக்கியம் தயாராக இருக்கும்: "சென்ற கூட்டத்தில் நிறைவேற்றிய இன்ன எண் தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?" இதைச் சொல்ல யாருக்கும் தனித் துணிச்சல் தேவைப்படாது. தேதிகள், தீர்மான எண்கள், மனு எண்கள், யார் என்ன பதில் சொன்னார் என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாருங்கள்.

எங்கள் ஊரில் மோட்டார் கேள்விக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. யாரும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. பழுதுச் செலவு ஒவ்வொன்றுக்கும் வார்டு உறுப்பினரும் டேங்க் ஆபரேட்டரும் கையெழுத்திட வேண்டும் என்று மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் ஆனது. இன்றுவரை அப்படியே நடக்கிறது. மேலத் தெருவுக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அந்த நோட்டு இப்போது கீழத் தெருவில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. நவம்பர் 1 கூட்டத்துக்கு அவள் எழுதி வைத்திருக்கும் கேள்வி தெருவிளக்கைப் பற்றியது: எத்தனை கம்பங்கள், எத்தனை பல்புகள் வாங்கப்பட்டன, எந்தத் தேதியில் எந்தக் கம்பத்தில் மாற்றப்பட்டது. கம்பங்களைப் போன வாரம் எண்ணி முடித்துவிட்டாள்.